சேலத்திலிருந்து கடலுக்குச் செல்லும் ஸ்கூபா டைவர்கள் கடல் உயிரினங்களைப் பதிவு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சேலத்துக்கு அருகில் டைவிங் வசதி உள்ள கடற்கரை என்றால் அது புதுச்சேரிதான். ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாகச் சென்றால் சுமார் 200 கிலோமீட்டர். இந்தத் தூரத்தின் காரணமாகவே, சேலத்திலும் ஏற்காட்டிலும் வசித்துக்கொண்டு ஸ்கூபா சான்றிதழ் பெற்றவர்கள் பலரும் ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே நீருக்குள் இறங்குகிறார்கள். அப்படி இறங்குபவர்களும் ஒவ்வொரு முறையும் புதிய இடத்தைத் தேடிச் செல்வதால், ஒரு வருடம் கர்நாடகக் கடலில் உள்ள நேத்ராணித் தீவு, அடுத்த வருடம் அந்தமான், அதற்கடுத்த வருடம் புதுச்சேரி என்று படங்கள் சேர்கின்றனவே தவிர, எந்த ஓர் இடத்தைப் பற்றியும் பயன்படத்தக்க பதிவு உருவாவதில்லை.

கடல் உயிரினக் கண்காணிப்பில் பொழுதுபோக்கு டைவர்களின் பங்கு புதிதன்று. அமெரிக்காவின் ரீஃப் அமைப்பு 1993-இலிருந்து தன்னார்வ டைவர்களைக் கொண்டு மீன் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. ரீஃப் செக் அமைப்பின் முதல் உலகளாவிய கணக்கெடுப்பு 1997-இல் நடந்தது. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் 2002-இலும், டாஸ்மேனியாவில் ரீஃப் லைஃப் சர்வே 2007-இலும் தொடங்கப்பட்டன. இவை அனைத்தும் டைவரிடம் எதிர்பார்ப்பது ஒரே முறையை, ஒரே இடத்தில், ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் திரும்பச் செய்யும் பொறுமையைத்தான். அரிய உயிரினத்தைத் தேடிப் பிடிக்கும் திறமையை அல்ல. ஆண்டுக்கு இரண்டே முறை கடலுக்குப் போக முடிகிற சேலத்துக்காரருக்கும் இது சாத்தியம் என்பதால்தான் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஓப்பன் வாட்டர் என்னும் அடிப்படை டைவிங் சான்றிதழும் மருத்துவத் தகுதியும் உங்களுக்கு ஏற்கெனவே இருப்பதாகவே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: ஓர் இடத்தையும் ஒரு பருவத்தையும் முடிவு செய்தல்

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைப் பார்க்க வேண்டாம்; திரும்பிப் போக முடியுமா என்பதைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு சேலத்தில் பேருந்து ஏறி, சனி, ஞாயிறு இரு நாளும் டைவ் செய்து, திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பக்கூடிய இடமாகப் புதுச்சேரி இருக்கிறது. அங்கே இருப்பவை பெரும்பாலும் பாறைப் பார்களும் (பார் என்பது கடலடித் திட்டு), செயற்கையாக அமைக்கப்பட்ட பார்களும்தான். மன்னார் வளைகுடாவைப் போன்ற பவளத்திட்டுகள் அங்கு இல்லை. ஆகவே, பவளத்தின் நிறத்தை அளக்கும் முறையைக் கற்றுக்கொண்டு புதுச்சேரிக்குப் போவதில் பெரிய பயன் இராது. மீன்களையும் முதுகெலும்பற்ற உயிரினங்களையும் எண்ணும் முறையே அந்தக் கடலுக்குப் பொருந்தும்.

பவளத்தைத்தான் பதிவு செய்ய வேண்டும் என்று விரும்புபவர்கள் உடனே மன்னார் வளைகுடாவை நினைப்பார்கள். இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றி அமைந்த அந்தக் கடற்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்காவுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி இறங்குவது குற்றம். நல்ல நோக்கத்தோடு போனேன் என்று சொல்வது அங்கு செல்லாது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் போன்றவை அந்தக் கடலில் முறையான ஆய்வுகளைச் செய்து வருகின்றன. உங்களுக்குப் பயிற்சியும் தொடர்ச்சியான பதிவும் இருந்தால், இத்தகைய நிறுவனம் ஒன்றுக்கு எழுதி, தன்னார்வலராகச் சேர வாய்ப்புண்டா என்று கேட்பதே சரியான வழி. அதுவரை பவளத்துக்கு அந்தமான், இலட்சத்தீவு போன்றவையே உங்களுக்குத் திறந்திருக்கும் இடங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, புதுச்சேரிக் கடல் வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரும்பாலும் கலங்கியும் கொந்தளித்தும் இருக்கும். பொங்கலுக்குப் பிறகு படிப்படியாகத் தெளியும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடித் தடை அமலில் இருக்கிறது. ஒரு வருடம் மார்ச்சிலும் மறுவருடம் மே மாதத்திலும் எண்ணினால், மீன்பிடிப்பு நடக்கிற கடலையும் பெருமளவு ஓய்ந்திருக்கிற கடலையும் ஒப்பிட்டவர் ஆவீர்கள். பிப்ரவரி கடைசி, மார்ச் முதல் வாரம் என்று ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள்.

இரண்டாம் படி: சேலத்திலேயே முடிக்க வேண்டிய பயிற்சி

கடலில் கழிக்கும் நேரம் குறைவாகவும் செலவு அதிகமாகவும் இருப்பதால், உள்ளூரிலேயே கற்கக்கூடியவற்றை அங்கே போய்க் கற்பது வீண். இந்தப் படிக்குத்தான் அதிக நாட்களை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் மிதவைக் கட்டுப்பாடு. நீச்சல் குளத்தின் தரைக்கு ஒரு முழ உயரத்தில், கையோ காலில் மாட்டிய ஃபின்னோ தரையில் படாமல், உடலைக் கிடைமட்டமாக வைத்துக்கொண்டு, நீருக்கடியில் எழுதுவதற்கான ஸ்லேட்டில் பென்சிலால் தொடர்ந்து ஒரு நிமிடம் எழுத முடிகிறதா என்று பாருங்கள். வெறுமனே மிதக்கும்போது நன்றாக மிதப்பவர்கள்கூட, எழுதத் தொடங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே கிளம்பிவிடுவார்கள். அல்லது தலையைக் குனிந்ததும் கால் மேலே போய்விடும். குளத்தில் இது சிரிப்புக்குரிய விஷயம். இதுவே பவளத்துக்கு மேலே நிகழ்ந்தாலோ, பல ஆண்டுகளில் வளர்ந்த கிளை ஒரு ஃபின் பட்டு ஒடிந்துவிடும். இதில் தேறாதவர் கணக்கெடுப்புக்கு இறங்கவே கூடாது. குளத்தில் ஸ்கூபா உபகரணத்தோடு இறங்கப் பயிற்றுநரின் மேற்பார்வையும் குளத்தை நடத்துபவரின் அனுமதியும் வேண்டும். இவை கிடைக்காவிட்டால் ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாயோடு ஸ்லேட்டில் எழுதிப் பழகுவதும் ஓரளவு உதவும்.

குளத்தில் சரியாக இருந்த ஈய எடை கடலில் போதாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அடர்த்தி அதிகம் கொண்டது. உடலும் உபகரணமும் சேர்ந்து 100 கிலோ என்றால், கடலில் சுமார் 2.5 கிலோ கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது அளவை மதிப்பிடுதல். முகமூடிக்குள் இருக்கும் காற்றுக்கும் வெளியே உள்ள நீருக்கும் இடையே ஒளி விலகுவதால், நீருக்கடியில் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் இருப்பதுபோல் தெரியும். 30 செ.மீ. களவாய் 40 செ.மீ. போலத் தோன்றும். ரீஃப் செக் முறையில் களவாய் 30 செ.மீ.-க்கு மேலும், கிளிமீன் 20 செ.மீ.-க்கு மேலும் இருந்தால் மட்டுமே கணக்கில் சேரும் என்பதால், இந்த மாயத்தோற்றம் முடிவையே மாற்றிவிடும். இதற்குப் பயிற்சி எளிது. பிளாஸ்டிக் குழாயை 10, 15, 20, 30, 40 செ.மீ. துண்டுகளாக வெட்டி, உள்பக்கம் அளவை எழுதி, சிறு எடை கட்டிக் குளத்தின் பல இடங்களில் போடச் சொல்லுங்கள். தொடாமல் ஒவ்வொன்றின் நீளத்தையும் ஸ்லேட்டில் எழுதிவிட்டு, பிறகு எடுத்துச் சரிபாருங்கள். உங்கள் பிழை எப்போதும் ஒரே பக்கம் சாய்வதை நீங்களே காண்பீர்கள். சாய்வு தெரிந்துவிட்டால் திருத்துவது கடினமல்ல.

மூன்றாவது, இனம் காணுதல். இதற்குச் சேலத்தின் மீன் மார்க்கெட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஞாயிறு காலையில் கடல்மீன் விற்கும் கடையில், ஐஸ் பெட்டி திறக்கப்படும்போது போய் நில்லுங்கள். சங்கரா, பாரை, ஊளி, களவாய், ஓரா, கிளிமீன் என்று பல குடும்பங்கள் ஒரே பலகையில் கிடக்கும். களவாயின் அகன்ற வாயும் துருத்திய கீழ்த்தாடையும், சங்கராவின் கூரிய முகமும், கிளிமீனின் ஒன்றாக இணைந்த பல் அலகும், ஓராவின் முதுகு முள்வரிசையும் கையால் தொட்டுப் பார்த்தவருக்கு மறக்காது. "அண்ணே, முள்ளு குத்திரும், வாலைப் புடிங்க" என்று கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். ஓராவின் முள்ளில் விஷம் உண்டு. ஆனால் ஒன்று: ஐஸில் கிடக்கும் மீனின் நிறத்தை நம்ப வேண்டாம். உயிரோடிருக்கும்போது உள்ள பட்டைகளும் புள்ளிகளும் பல மீன்களில் செத்த சில மணி நேரத்தில் மங்கிவிடும். உடலமைப்பை மார்க்கெட்டிலும், நிறத்தைப் படங்களிலும் கற்றுக்கொள்ள வேண்டும். சந்தைக்கு வராத குடும்பங்களான வண்ணாத்தி மீன், கோமாளி மீன், அஞ்சாளை ஆகியவற்றைப் படங்களை மட்டும் பார்த்தே பழக வேண்டியிருக்கும். இனப்பெயர் தெரியாவிட்டால் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வது முழுமையான, நேர்மையான பதிவு.

நான்காவது பயிற்சிக்குக் கடலே தேவையில்லை. கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கரையில் நின்று, பதினைந்து நிமிடம் கடிகாரம் பார்த்து, கண்ணில் படும் எல்லாப் பறவைகளையும் எண்ணி எழுதுங்கள். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டவர்களுக்கு இது பழகிய வேலை. அந்தக் கணக்கெடுப்பின் சாரம், பிடித்த பறவையை மட்டும் எழுதாமல், அடையாளம் தெரிந்த அனைத்தையும் எழுதுவது. எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் பார்த்தோம் என்பதையும் சேர்த்தே எழுதுவது. அப்போதுதான் பட்டியலில் ஒரு பறவை இல்லாததற்கும் பொருள் உண்டாகிறது. நீருக்கடியில் செய்யப்போவதும் இதுவே.

மூன்றாம் படி: முறையைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகத் தொடங்குபவருக்கு உலாவும் கணக்கெடுப்பு போதும். வழக்கமான டைவ் பாதையிலேயே மெதுவாக நீந்திக்கொண்டு, கண்ட ஒவ்வொரு வகைக்கும் எதிரே நான்கில் ஒரு குறியை இடுவதே இது. ரீஃப் அமைப்பு பின்பற்றும் பிரிவுகளின்படி, ஒன்றே ஒன்று கண்டால் ஒரு குறி, 2 முதல் 10 வரை கண்டால் இன்னொன்று, 11 முதல் 100 வரை என்றால் மூன்றாவது, 100-க்கு மேல் என்றால் நான்காவது. தமிழில் இதை ஒ, சி, ப, மி என்று எழுதலாம்: ஒன்று, சில, பல, மிகுதி. எடுத்துக்காட்டாக, ஸ்லேட்டில் "கிளிமீன் சி, சங்கரா ப, களவாய் ஒ, 35 செ.மீ.; அஞ்சாளை 0" என்று இருந்தால், அந்த டைவில் அஞ்சாளையைத் தேடினோம், காணவில்லை என்று பொருள். அந்தப் பூச்சியத்தை எழுதாமல் விட்டால், பிற்காலத்தில் படிப்பவருக்கு நீங்கள் தேடவே இல்லையோ என்ற ஐயம் எழும். இதற்காக, தேடப்போகும் 12 அல்லது 15 வகைகளைக் கொண்ட பட்டியலை முன்னரே ஸ்லேட்டில் அழியாத பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். அதில் உண்ணும் மீன்களும் இருக்கட்டும். களவாய், சங்கரா, கல் இறால், கடல் அட்டை ஆகியவை மீன்பிடிப்பின் அழுத்தத்தைக் காட்டக்கூடியவை என்பதால்தான் ரீஃப் செக் முறையிலும் இடம்பெற்றிருக்கின்றன.

பவளம் உள்ள இடத்துக்குப் போகிறவர்கள் கோரல்வாட்ச் நிற அட்டையைக் கற்றுக்கொள்ளலாம். அட்டையில் பி, சி, டி, இ என்னும் நான்கு சாயல்கள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை அடர்த்திப் படிகள். பவளத்தின் மிக வெளிர்ந்த பகுதியையும் மிக அடர்ந்த பகுதியையும் அட்டையோடு ஒப்பிட்டு இரண்டு எண்களை எழுத வேண்டும். கிளைப்பவளத்தில் வளரும் நுனி இயல்பாகவே வெளிர்ந்திருக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். ஒரு டைவில் 20 பவளங்களையாவது, அழகானதாகப் பொறுக்காமல், வழியில் வருவதை வருகிற வரிசையில் எடுங்கள். அதே இடத்தின் சராசரி பிற்பாடு இரண்டு படியோ அதற்கு மேலோ வெளிர்ந்தால் பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள் குறைந்துவிட்டன என்று கருத இடமிருக்கிறது.

நாடாவை விரித்து எண்ணும் ரீஃப் செக் முறை இவற்றைவிடக் கடினமானது. பயிற்சி முகாமில் சேர்ந்து சான்றிதழ் பெற்ற பிறகே செய்ய வேண்டும். இருப்பினும் அதன் அமைப்பைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரே ஆழத்தில் 100 மீட்டர் நாடா விரிக்கப்படும். அதில் 20 மீட்டர் நீளமுள்ள நான்கு பகுதிகள், இடையிடையே 5 மீட்டர் இடைவெளி. நாடா விரித்ததில் கலைந்துபோன மீன்கள் திரும்பி வர 15 நிமிடம் காத்திருந்து, நாடாவுக்கு இருபுறமும் இரண்டரை மீட்டர் வரையிலும், மேலே 5 மீட்டர் உயரம் வரையிலும் உள்ள மீன்கள் எண்ணப்படும். பிறகு அதே அகலத்தில் கடல் முள்ளெலி, கடல் அட்டை, கல் இறால், இராட்சதச் சிப்பி போன்றவை எண்ணப்படும். கடைசியாக, நாடாவில் ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நேர் கீழே இருப்பது உயிர்ப்பவளமா, மென்பவளமா, அண்மையில் செத்த பவளமா, பாசியா, பாறையா, உடைசலா, மணலா என்று குறிக்கப்படும். ஒரு பகுதிக்கு 40 புள்ளி, மொத்தம் 160. இதிலுள்ள 15 நிமிடக் காத்திருப்பைப் பலர் அவசரத்தில் குறைத்துவிடுகிறார்கள். அப்படிக் குறைத்த கணக்கில் கூச்சமுள்ள களவாய் விடுபட்டுப்போய், நாடாவைச் சுற்றிச் சுற்றி வரும் மீன்களே மிஞ்சும்.

நான்காம் படி: படகிலும் நீருக்குள்ளும்

படகு புறப்பட்டதும் ஓட்டுபவரிடம், "அண்ணே, நாம போற பாருக்கு நீங்க என்ன பேரு சொல்லுவீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். டைவ் கடைகள் வைக்கும் பெயர்கள் அவ்வப்போது மாறும். மீனவர்கள் சொல்லும் பெயர் எளிதில் மாறாது. நங்கூரம் போட்டதும் கைபேசியில் அமைவிடத்தைப் பதிவு செய்யுங்கள், ஏனெனில் நீருக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யாது. கேமரா, டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் பதிவு செய்யும் கருவி), கைபேசி மூன்றின் கடிகாரமும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள். கைபேசியின் கடிகாரத்தைக் கேமராவால் ஒரு படம் எடுத்து வைத்தால், வித்தியாசம் இருந்தாலும் பின்னர் சரிசெய்துவிடலாம். ஒவ்வொரு படமும் எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது என்பதை டைவ் பதிவோடு பொருத்திக் கண்டுபிடிக்கலாம்.

துணை டைவரோடு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு விதமாகப் பிரிக்கலாம். ஒருவர் எண்ண, மற்றவர் ஆழத்தையும் காற்றையும் திசையையும் கவனிப்பது புதியவர்களுக்கு ஏற்றது. அனுபவம் வந்த பின், இருவரும் தனித்தனியே எண்ணி, படகில் ஏறும்வரை ஒருவர் ஸ்லேட்டை மற்றவர் பார்க்காமல் இருந்து, பிறகு ஒப்பிடுவது மிக நல்லது. இருவர் பட்டியலும் எங்கே வேறுபடுகிறது என்று பார்த்தால், எந்த மீனை நீங்கள் தவறாக இனம் காண்கிறீர்கள் என்பது அங்கேயே வெளிப்படும். ஒப்பிட்ட பிறகு யாரும் தம் எண்ணைத் திருத்தக் கூடாது. இரண்டு பட்டியலும் அப்படியே பதிவாக வேண்டும்.

ஒவ்வொரு டைவுக்கும் தொடக்க நேரம், எண்ணிய நிமிடங்கள், அதிகபட்ச ஆழம், நீரின் தெளிவு, வெப்பநிலை ஆகிய ஐந்தும் கட்டாயம். தெளிவை மதிப்பிட, துணை டைவர் மெதுவாக விலகிச் செல்ல, அவர் உருவம் மறையும் தூரத்தை ஃபின் உதைகளின் எண்ணிக்கையால் அளக்கலாம். தெளிவு 4 மீட்டராக இருந்த நாளின் கணக்கை 15 மீட்டராக இருந்த நாளின் கணக்கோடு யாரும் நேரடியாக ஒப்பிட மாட்டார்கள். ஆனால் தெளிவை எழுதாவிட்டால் அந்த எச்சரிக்கையே யாருக்கும் தோன்றாது. டைவ் கம்ப்யூட்டரின் வெப்பமானி நீரின் வெப்பத்துக்கு மெதுவாகவே வந்து சேரும் என்பதால், ஆழத்தில் பத்து நிமிடம் கழிந்த பிறகு காட்டும் எண்ணை எழுதுங்கள். கருவிக்குக் கருவி வேறுபாடு இருக்கும் என்பதால், ஆண்டுதோறும் அதே கம்ப்யூட்டரைப் பயன்படுத்துவது நல்லது.

காற்றும் நேரமும் கணக்கெடுப்புக்காக ஒருபோதும் நீட்டிக்கப்படக் கூடாது. எண்ணத் தொடங்கிய பட்டியல் பாதியில் நின்றால், பாதியில் நின்றது என்று எழுதிவிட்டு மேலே வாருங்கள். எதையும் தொடாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள், எடுத்து வராதீர்கள். கடல் அட்டை, கடல் குதிரை, கடினப் பவளம் ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. செத்த பவளத் துண்டைப் பையில் போட்டு வருவதும் அதற்குள் அடங்கும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியவில்லை. அட்லாண்டிக் கடலில் சிங்க மீனைக் குத்திக் கொல்லும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நம் கடலிலும் அது அந்நிய மீன் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சிங்க மீன் இந்தியப் பெருங்கடலின் சொந்தப் பிள்ளை. அதை எண்ணுங்கள், படம் எடுங்கள், அதன் போக்கில் விடுங்கள். அந்நிய உயிரினத்தைத் தேட வேண்டுமென்றால், மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் படர்ந்து மூடிய கப்பாஃபைகஸ் என்னும் வளர்ப்புக் கடற்பாசியைப் பற்றிப் படித்து, அதன் தோற்றத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளுப்பும் சாவும் வேறுபடுவதை அறிதல்

பவளத்திட்டில் இறங்குபவர்கள் அதிகம் குழம்புவது இதில்தான். வெப்பம் மிகும்போது பவளம் தன்னுள் வாழும் நுண்பாசிகளை இழக்கிறது. அப்போது ஒளி ஊடுருவும் சதையின் வழியே வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு தெரிகிறது. அதுவே வெளுப்பு. அந்த நிலையில் பவளம் செத்துவிடவில்லை. வெப்பம் தணிந்தால் சில வாரங்களிலோ மாதங்களிலோ நிறம் மீளலாம். மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கோடையில் பெரும் வெளுப்பு நேர்ந்தது.

அருகில் சென்று, தொடாமல், டார்ச் ஒளியில் பாருங்கள். வெள்ளைப் பரப்பின் மேல் மெல்லிய சதையும், சிறு உணர்கொம்புகளும் தெரிந்தால் அது வெளுத்த பவளம். சதையே இல்லாமல், கூட்டின் நுண்குழிகள் கூர்மையாகத் தெரிந்து, இன்னும் வெள்ளையாகவே இருந்தால் அது அண்மையில் செத்தது. மேலே பழுப்பாகவோ பச்சையாகவோ மெல்லிய பாசி படிந்திருந்தால் செத்துச் சில காலம் ஆகிவிட்டது. ஒரு பவளத்தின் ஓரத்தில் மட்டும் வெள்ளைத் திட்டு தெளிவான எல்லைக்கோட்டோடு இருந்தால், வெளுப்பைவிட, முள்முடி நட்சத்திர மீனோ, துருப்பெல்லா போன்ற சிறு நத்தையோ தின்ற தடமாக இருக்க வாய்ப்பு அதிகம்; அடியில் தேடினால் தின்றவரே இருப்பார். காரணம் தெரியாதபோது "வெள்ளைத் திட்டு, காரணம் தெரியவில்லை" என்று எழுதி, படத்தைச் சேர்த்து விடுங்கள்.

ஐந்தாம் படி: அடையாளத்துக்கான படம்

அழகிய படமும் அடையாளப் படமும் வேறு. மீனைப் பக்கவாட்டில், எல்லாத் துடுப்புகளும் விரிந்திருக்கும்போது எடுங்கள். முதல் சில மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு நிறம் நீரில் உறிஞ்சப்பட்டுவிடுவதால், விளக்கு இல்லாமல் எடுத்த படத்தில் சிவந்த சங்கரா சாம்பல் நிறமாகத் தெரியும். கடல் ஆமை என்றால் முகத்தின் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டையும் தனித்தனியே எடுக்க வேண்டும். கன்னத்துச் செதில்களின் அமைப்பு ஒவ்வோர் ஆமைக்கும் வேறுபடும், இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பேராமையா அழுங்காமையா என்பதை அலகின் வளைவும் ஓட்டின் விளிம்பும் சொல்லிவிடும். திமிங்கலச் சுறாவைக் காணும் பேறு வாய்த்தால், செவுள் பிளவுகளுக்குப் பின்னால் உள்ள இடப்பக்கப் புள்ளிகளை எடுங்கள். உலகத் தரவுத்தளங்கள் அந்தப் புள்ளிக்கோலத்தைக் கொண்டே தனிச் சுறாவை அடையாளம் காண்கின்றன. ஆமையைத் துரத்தாதீர்கள். மூச்சு விட மேலே போகும் ஆமையின் வழியை மறிப்பதைவிட, படமே இல்லாமல் வருவது நல்லது.

கைவிடப்பட்ட வலை கண்டால் ஆழம், கண்ணியின் ஏறக்குறைய அளவு, சிக்கியிருக்கும் உயிரினம் ஆகியவற்றை எழுதிவிட்டுப் படகுக்காரரிடம் சொல்லுங்கள். பயிற்சி பெறாதவர் அதை வெட்ட முயன்றால் தாமே சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

ஆறாம் படி: ஏற்காட்டுக்காரர்களுக்கான தனி எச்சரிக்கை

டைவ் முடித்து விமானம் ஏறக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். மலை ஏறுவதும் அதே கணக்கில் வரும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருப்பதால், புதுச்சேரியிலிருந்து வீடு திரும்புவதில் சிக்கல் இல்லை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரைகள் 600 முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்கு நிகரான காற்றழுத்தத்துக்குப் பொருந்துபவை. ஏற்காடு அந்த வரம்புக்குள் நன்றாகவே வருகிறது. அழுத்தக் குறைப்பு நிறுத்தம் (மேலே வரும் வழியில் கட்டாயமாக நின்று வருவது) தேவைப்படாத ஒரே ஒரு டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரமும், பல டைவ்களுக்கோ பல நாள் டைவிங்குக்கோ பின் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். ஞாயிறு காலை 11 மணிக்குக் கடைசி டைவ் முடிந்தால், திங்கள் காலை 5 மணிக்கு முன் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை ஏற்றக் கூடாது. காபித் தோட்டத்தில் வேலை காத்திருந்தாலும், அன்றிரவு சேலத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

அந்த இரவு வீணாகாது. ஸ்லேட்டில் உள்ளதைக் கணினிக்கு மாற்ற அதைவிட ஏற்ற நேரம் கிடைக்காது. இரண்டு நாள் கழிந்தால் "ப" என்று எழுதியது எந்த மீனுக்கு என்றே சில நேரம் நினைவிருக்காது.

ஏழாம் படி: பதிவேற்றமும் பாதுகாப்பும்

எண்ணிக்கைப் பட்டியலை ஒரு சாதாரண அட்டவணையில், ஒரு வகைக்கு ஒரு வரி என்று, பூச்சியங்களையும் சேர்த்து இடுங்கள். ரீஃப் செக் அல்லது கோரல்வாட்ச் முறையில் எடுத்ததை அந்தந்த அமைப்பின் படிவத்திலேயே அனுப்ப வேண்டும். தனித்தனி உயிரினப் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ ஏற்றலாம். ஐநேச்சுரலிஸ்டில் தேதி, இடம், படம் மூன்றும் இருந்து, இனம் காண்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் இனப்பெயரில் ஒத்துப்போனால் அது ஆய்வுத் தரம் பெறும். பதிவுக்கு நீங்கள் கொடுக்கும் உரிமமும் முக்கியம்: எல்லா உரிமையும் எனக்கே என்று வைத்தால், ஜிபிஐஎஃப் என்னும் உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்துக்கு அந்தப் பதிவு போய்ச் சேராது. பெயர் குறிப்பிட்டு வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்ற உரிமம் போதுமானது.

கடல் அட்டை, கல் இறால், கடல் குதிரை ஆகியவை நிறைய இருக்கும் இடத்தின் துல்லியமான அமைவிடத்தைப் பொதுவில் வெளியிடாதீர்கள். தளத்திலேயே இடத்தை மறைக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, சரியான எண்களை உங்கள் அட்டவணையில் மட்டும் வைத்திருங்கள். மீனவர்கள் நம்பிச் சொன்ன பார்களின் இடத்துக்கும் இது பொருந்தும்.

யாராவது உங்கள் இனங்காணலைத் திருத்தினால், அவர் சொல்லும் அடையாளத்தைப் படத்தில் தேடிப் பார்த்துவிட்டே ஏற்றுக்கொள்ளுங்கள். அட்டவணையில் பழைய பெயரை அழிக்காமல், பக்கத்துப் பத்தியில் புதிய பெயரையும் தேதியையும் இடுங்கள். இரண்டாம் ஆண்டுக் கணக்கு கையில் வந்ததும், களவாய் குறைந்துவிட்டது என்றோ கிளிமீன் பெருகிவிட்டது என்றோ அறிவிக்கும் ஆசை எழும். இரண்டு ஆண்டு எண்களை வைத்து அப்படிச் சொல்ல இயலாது. தெளிவு, நேரம், ஆழம் ஆகியவற்றை ஒப்பிட்டு, எவை ஒத்திருக்கின்றன, எவை மாறின என்று மட்டும் குறிப்பெழுதிவிட்டு மூன்றாம் ஆண்டுக்குக் காத்திருங்கள்.

கடைசியாக, ஸ்லேட்டை அழிப்பதற்கு முன் அதன் இரு பக்கத்தையும் படம் எடுத்து, டைவ் தேதியையே கோப்பின் பெயராக்கி, அட்டவணையோடு ஒரே கோப்புறையில் சேமியுங்கள். அதன் இன்னொரு பிரதி துணை டைவரிடம் இருக்கட்டும். வேலை மாற்றமோ உடல்நிலையோ காரணமாக ஒருவர் டைவிங்கை நிறுத்த நேர்ந்தாலும், அதே பாரில் அதே பட்டியலோடு மற்றவர் அடுத்த மார்ச்சில் இறங்கலாம்.